அம்மாயியின் பாஸ்போர்ட்டும் என் பி.ஏ. படிப்பும்

போன மே மாதம், பிளஸ் டூ ரிசல்ட் வந்து இரண்டு மூன்று நாள் இருக்கும். சேரம்பாடியிலிருந்து ஒரு பிள்ளை போன் பண்ணினாள். என் சித்தி வீட்டிலிருந்து இரண்டு வாசல் தள்ளி இருக்கும் லயத்துப் பெண். லயம் என்றால் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடு. "அக்கா, நீங்க படிச்ச இன்டர்நேஷனல் ரிலேஷன்ஸ்ல என்னக்கா சொல்லித் தருவாங்க? அப்பா கேட்கச் சொன்னாங்க" என்றாள். அரசியல், பொருளாதாரம், வரலாறு, சட்டம், கொஞ்சம் புவியியல், கொஞ்சம் புள்ளியியல், ஒரு வெளிநாட்டு மொழி என்று வரிசையாகச் சொன்னேன். அந்தப் பக்கம் சற்று நேரம் சத்தமே இல்லை. அப்புறம் கேட்டாள்: "அப்போ எல்லாத்துலயும் கொஞ்சம் கொஞ்சம்தானாக்கா?"

நான் அப்போது காந்திபுரத்தில் டவுன் பஸ்ஸில் நின்றுகொண்டிருந்தேன். இரைச்சலில் சரியாகப் பேச முடியவில்லை. "வீட்டுக்குப் போய்க் கூப்பிடுறேன்மா" என்று வைத்துவிட்டேன். ஆனால் அந்தக் கேள்வி என்னை விடவில்லை. பதினைந்து வருஷத்துக்கு முன்னால் நான் சர்வதேச உறவுகள் பி.ஏ.வில் சேரும்போது பெரிய மாமா கேட்டதும் இதே கேள்விதான். "ஒண்ணை முழுசாப் படிச்சா அந்த ஒண்ணாவது கையில நிக்கும். இதுல எது நிக்கும்?" என்றார். அவருக்கும் நான் சரியாகப் பதில் சொல்லவில்லை. இப்போது சொல்லிப் பார்க்கிறேன். நீளமாகத்தான் வரும்.

எங்கள் குடும்பத்தில் முதன்முதலில் பாஸ்போர்ட் வாங்கியவர் அம்மாயி, அம்மாவின் அம்மா. வெளியூரில் இதைச் சொன்னால் ஆச்சரியப்படுகிறார்கள். நீலகிரியில் இருக்கும் எங்கள் கொளப்பள்ளியில் யாரும் ஆச்சரியப்பட மாட்டார்கள். அங்கே பாதி வீடுகளில் தகரப் பெட்டிக்குள் அப்படி ஒன்று இருக்கும். கொழுந்து பறிக்கிற கூலிக்காரப் பெண்கள், எழுதப் படிக்கத் தெரியாதவர்கள், இலங்கைத் தேயிலைத் தோட்டங்களிலிருந்து கடல் தாண்டி வந்தவர்கள். ஊர்க்காரர்கள் அவர்களைச் சிலோன்காரர்கள் என்பார்கள். அரசாங்கக் காகிதத்தில் 'தாயகம் திரும்பியோர்'.

அம்மாயியின் பாஸ்போர்ட் கண்டியில் இருந்த இந்திய அலுவலகத்தில் கொடுத்தது. அட்டையின் ஓரத்தைக் கரையான் தின்றிருக்கிறது. உள்ளே ஒட்டியிருக்கும் படத்தில் அம்மாயிக்கு இருபத்தாறு வயது. காதில் தோடு கிடையாது, ஈர்க்குச்சிதான் செருகியிருக்கிறார். தோட்டை விற்றுத்தான் வழிச் செலவுக்கு வைத்துக்கொண்டார்களாம். மடியில் நான்கு வயது அம்மா, பளிச்சென்று அடித்த வெளிச்சத்தில் கண்ணை மூடியபடி. பிறந்த இடம் என்ற வரிக்கு எதிரே இலங்கை மலைநாட்டில் ஹட்டன் பக்கத்து ஒரு தோட்டத்தின் பெயர். எந்த நாட்டவர் என்ற வரிக்கு எதிரே, இந்தியர். அந்தப் படம் எடுக்கிற நாள்வரை அவர் இந்தியாவைக் கண்ணால் பார்த்ததில்லை. அவரைப் பெற்றவளும் பார்த்ததில்லை.

சின்ன வயதில் நான் அதை எத்தனையோ தடவை எடுத்துப் பார்த்திருக்கிறேன். அம்மாவின் மூடிய கண்ணைக் காட்டிச் சிரிப்போம். அதை ஒரு தஸ்தாவேஜாகப் பார்க்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியது, சென்னையில் முதலாமாண்டு படிக்கும்போதுதான். சர்வதேசச் சட்ட வகுப்பு. நாடற்றவர் என்பதற்கு 1954 உடன்படிக்கை தருகிற விளக்கத்தை மேடம் பலகையில் எழுதினார்: எந்த நாடும் தன் சட்டப்படி தன் குடிமக்களில் ஒருவராக ஏற்றுக்கொள்ளாத ஆள். நான் நோட்டில் எழுதிக்கொண்டே வந்தேன். பாதியில் கை நின்றுவிட்டது. இது எங்கள் லயத்தில் எல்லாருக்கும் பொருந்துமே என்று நினைத்தேன்.

அந்தப் பொங்கல் லீவில் ஊருக்குப் போனதும் அம்மாயியிடம் கேட்டேன். "அம்மாயி, இங்க வர்றதுக்கு முன்னாடி நீங்க எந்த நாட்டு ஆளு?"

அம்மாயி கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். நிமிராமலே சொன்னார்: "நாடா? நாங்க தோட்டத்து ஆளுதான்."

இதைவிட நல்ல விளக்கத்தை நான் எந்தப் பாடப் புத்தகத்திலும் இதுவரை பார்க்கவில்லை. 1948-இல் இலங்கை கொண்டுவந்த குடியுரிமைச் சட்டப்படி, ஒருவர் தன் அப்பா அங்கே பிறந்தார் என்றோ, அப்பாவின் அப்பாவும் அவருக்கு அப்பாவும் அங்கே பிறந்தார்கள் என்றோ காட்ட வேண்டும். லயத்தில் பிறந்தவர்களுக்கு யார் பிறப்புப் பத்திரம் எழுதி வைத்தார்கள்? தோட்டத்துச் செக்ரோலில்தான் பெயர் இருக்கும், அதுவும் வேலைக்கு வந்த நாளுக்குப் பேர் போடுகிற கூலிக் கணக்கு. அடுத்த வருஷமே வாக்குரிமையும் போனது. தேயிலையில் நாட்டின் அந்நியச் செலாவணியை ஈட்டித் தந்த கைகள் எந்த நாட்டுக் கணக்கிலும் இல்லாமல் போயின.

பதினாறு வருஷம் கழித்து, 1964 அக்டோபர் 30 அன்று, இந்தியப் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்கவும் புதுதில்லியில் ஒப்பந்தம் போட்டார்கள். நாடற்றவர்கள் மொத்தம் 9,75,000 பேர் என்று கணக்கு. இந்தியா 5,25,000 பேரை எடுத்துக்கொள்ளும், இலங்கை 3,00,000 பேருக்குக் குடியுரிமை தரும், மீதி 1,50,000 பேரைப் பிறகு பார்க்கலாம். ஏழு பேர் கப்பல் ஏறினால் நான்கு பேருக்கு அங்கே குடியுரிமை என்ற விகிதம். பிரிக்கப்பட்டவர்களிடம் யாரும் கேட்கவில்லை. ஒப்பந்தம் போட்டு இரண்டு மாதம்கூட ஆகவில்லை, டிசம்பர் புயலில் தனுஷ்கோடி அழிந்துபோனது. அதனால்தான் அம்மாயிகள் வந்த கப்பல் தலைமன்னாரிலிருந்து ராமேஸ்வரத்துக்கு வந்தது. அங்கிருந்து மண்டபம் முகாம்.

இது வரைக்கும் சட்டமும் வரலாறும். ஒரு துறையை மட்டும் படித்தவர் இங்கே நிறுத்திவிடலாம். ஆனால் எனக்கு ஒரு சந்தேகம் இருந்தது. இந்தியாவுக்கு ஒதுக்கிய எண்ணிக்கை அளவுக்கு ஆட்கள் இந்தியக் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கவே இல்லை. அதாவது, பெரும்பாலானோர் அங்கேயே இருக்கத்தான் விரும்பினார்கள். அம்மாயியும் அப்படித்தான் சொல்வார். "எங்க அப்பாவைப் பொதைச்ச மண்ணு அங்க இருக்கு, நான் ஏன் வரணும்?" என்பார். அப்படிப் பேசியவர் ஏன் வந்தார்?

"மாவு இல்லாத வருஷம்" என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

அந்த மூன்று சொல்லைப் பிரித்துப் பார்க்க எனக்கு ஒரு செமஸ்டர் ஆனது. 1973-இல் அரபு நாடுகள் எண்ணெய் விற்பனையைக் கட்டுப்படுத்தியதில் உலகம் முழுக்க விலை ஏறியது. எண்ணெய் ஏறினால் உரமும் கப்பல் கூலியும் ஏறும். அந்த வருஷங்களில் உலகச் சந்தையில் கோதுமையும் அரிசியும் ஏற்கெனவே எகிறிக்கொண்டிருந்தன. இலங்கை உணவை இறக்குமதி செய்கிற நாடு. ரேஷன் குறைந்தது. கிராமத்தில் சொந்த நிலம் வைத்திருந்தவர் மரவள்ளி நட்டுப் பிழைத்தார். லயத்தில் இருந்தவருக்குச் சமையலறைக்குப் பின்னால் நான்கடி மண்தான். தோட்டங்களில் அந்த வருஷங்களில் சாவு விகிதம் ஏறியதை அந்த நாட்டுப் புள்ளிவிவரங்களே காட்டுகின்றன. அம்மாயி தன் தங்கையைப் பறிகொடுத்தது அப்போதுதான். எண்ணெய்க் கிணறு எங்கோ பாலைவனத்தில் இருக்கிறது, பட்டினி ஹட்டன் லயத்தில் விழுகிறது. பொருளாதாரப் பாடம் எடுக்கப் போகாமல் இருந்திருந்தால் அம்மாயி சொன்ன மூன்று சொல்லும் ஒரு கிழவியின் பழைய ஞாபகமாக மட்டும் எனக்குள் நின்றிருக்கும்.

வந்தவர்களை எங்கே வைப்பது? 1968-இல் தமிழக வனத்துறை நீலகிரியில் தேயிலை நட ஆரம்பித்தது, இவர்களுக்கு வேலை கொடுப்பதற்காகவே. பின்னால் அதுதான் டேன்டீ என்கிற அரசுத் தேயிலைத் தோட்டக் கழகம் ஆனது. கூடலூர், பந்தலூர் பக்கத்தில் காட்டை வெட்டி நட்டார்கள். அம்மாயி நட்ட நாற்றுகள் இன்றைக்கும் நிற்கின்றன. அந்தக் காடு யானை நடமாடும் காடு. 1986-இல் நீலகிரி இந்தியாவின் முதல் உயிர்க்கோளக் காப்பகம் ஆனது. 2000-இல் யுனெஸ்கோவின் உலக உயிர்க்கோளக் காப்பகப் பட்டியலில் சேர்ந்தது. 2022-இல் டேன்டீ நிலத்தில் ஒரு பகுதியை வனத்துறைக்கே திருப்பிக் கொடுப்பது என்று அரசு முடிவெடுத்தது. ரிட்டையர் ஆனவர்கள் குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டுமே, எங்கே போவது என்று எங்கள் லயத்தில் தூக்கமில்லாமல் கிடந்தவர்களை நான் பார்த்தேன். ராத்திரி லயத்தின் பின்பக்கம் வந்து பலாமரத்தை உலுக்குகிற யானையையும் பார்த்தேன். இரண்டு பேரையும் அந்த இடத்தில் எதிரெதிராக நிறுத்தியதில் 1964 அக்டோபர் 30-க்கும் ஒரு பங்கு உண்டு.

தங்கச்சி, உன் கேள்விக்கு வருகிறேன். எல்லாவற்றிலும் கொஞ்சம் கொஞ்சமா என்று கேட்டாய். அம்மாயி ஏன் கொளப்பள்ளிக்கு வந்தார் என்பது ஒரே ஒரு கேள்வி. அதைச் சட்டத் துறையில் கேட்டால் கால்வாசிப் பதில் கிடைக்கிறது. வரலாற்றில் இன்னொரு கால்வாசி. பொருளாதாரத்துக்கும் சூழலியலுக்கும் போகாமல் மீதி கிடைக்காது. கேள்வி முழுசு, துறைகள்தான் துண்டு துண்டு. இந்தப் படிப்பைப் பற்றி நான் நிச்சயமாகச் சொல்லக்கூடியது இதுதான்: சொந்தமாக ஒரு கேள்வி இருந்தால் இத்தனை பாடங்களும் அதைச் சுற்றி வந்து உட்கார்ந்துகொள்ளும். கேள்வி இல்லாமல் வந்தால் உன் மனதில் பட்டது நிஜமாகிவிடும், கொஞ்சம் கொஞ்சமாகத்தான் தேறும். என்னோடு படித்தவர்களில் இரண்டு வகையும் இருந்தார்கள். மார்க்கில் வித்தியாசம் தெரியாது. மூன்றாம் வருஷம் ஆய்வுக்குத் தலைப்பு கேட்டபோது தெரிந்தது.

இன்னொன்றும் அப்போதுதான் கவனித்தேன். தமிழ்நாட்டில் 1974 என்றால் எல்லாருக்கும் கச்சத்தீவு. டீக்கடையில் கேட்டாலும் சொல்வார்கள். அது ஜூன் மாதம். அதே வருஷம் ஜனவரியில் அதே இரண்டு அரசுகளும் விட்டுவைத்திருந்த அந்த 1,50,000 பேரை ஆளுக்கு 75,000 என்று பிரித்துக்கொண்டன. தீவைப் பேசாத தேர்தல் இல்லை, மனிதர்களைப் பிரித்ததைப் பேசி நான் கேட்டதே இல்லை. எங்கள் பாடத்திட்டத்திலும் அப்படித்தான். 1648 வெஸ்ட்ஃபாலியா உடன்படிக்கையில் தொடங்கி, 1919-இல் வேல்ஸின் அபெரிஸ்ட்வித் பல்கலைக்கழகத்தில் இந்தத் துறைக்கு முதல் பேராசிரியர் இருக்கை வந்தது, இரண்டு உலகப் போர், பனிப்போர் என்று போகும். ஆசிய, ஆப்பிரிக்க நாடுகள் கூடிய 1955 பாண்டுங் மாநாட்டுக்கு ஒரு பக்கம். சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்துக்கு ஒரு வரி. அந்த வரியில் எங்கள் அம்மாயி இருந்தார்.

கோத்தகிரிப் பக்கத்து ஹட்டியிலிருந்து, அதாவது படுகர் கிராமத்திலிருந்து, வந்த ஒரு பெண் எனக்கு வகுப்பில் நெருக்கமானாள். ஹாஸ்டலில் இரண்டு பேருக்கும் சென்னை வெயில் ஆகாது. அதில் தொடங்கிய சிநேகிதம். அவள் அப்பாவுக்கு இரண்டு ஏக்கர் தேயிலை. அவள் வீட்டில் எதைப் பேசினாலும் கடைசியில் பச்சைத் தேயிலை விலையில்தான் வந்து முடியும். அவள் சின்னப் பிள்ளையாக இருந்தபோது விலை விழுந்தது, கிலோவுக்கு ஒற்றை இலக்கத்துக்கு. அவள் அக்கா கான்வென்ட்டிலிருந்து நின்றது அந்த வருஷம்தான். ஏன் விழுந்தது என்று அவள் அப்பாவிடம் கேட்டால் ஒரே பதில்: "சிலோன் டீயை உள்ளே விட்டாங்க."

நான் சிலோன்காரி வீட்டுப் பிள்ளை. அவள் அதைச் சொல்லும்போது சங்கடப்படுவாள். நான்தான் சொன்னேன், இதையே நாம் பிராஜெக்டாக எடுப்போம் என்று.

குன்னூர்த் தேயிலை ஏலத்தின் பழைய கணக்குகளைத் தேடி அலைந்தோம். ஒரு கிலோ தூளுக்கு நாலு கிலோவுக்கு மேல் பச்சை இலை வேண்டும். ஆகவே ஏலத்தில் தூள் விலை அசைந்தால் ஹட்டியில் இலை விலை அசையும். அந்தத் தூளை வாங்கியது யார் என்று பார்த்துக்கொண்டே போனால் வழி மாஸ்கோவில் போய் நின்றது. சோவியத் யூனியன்தான் இந்தியத் தேயிலையை அதிகம் வாங்கிய நாடு, அதுவும் டாலர் இல்லாமல் ரூபாய்க் கணக்கில். அரசாங்கமே மொத்தமாக எடுத்துக்கொள்ளும். தரத்தைப் பற்றிப் பெரிய கேள்வி வராது. 1991-இல் அந்த நாடே இல்லாமல் போனது. தனியார் வாங்க வந்தார்கள், தரம் பார்த்தார்கள். 1998 ஆகஸ்டில் ரஷ்ய நாணயமான ரூபிள் சரிந்தது. அதற்கடுத்த வருஷங்களில்தான் நீலகிரியில் விலை குப்புற விழுந்தது. இடையில் 1998 டிசம்பரில் இந்தியாவும் இலங்கையும் தடையற்ற வர்த்தக ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன, 2000 மார்ச்சில் நடைமுறைக்கு வந்தது. சலுகை வரியில் வருஷத்துக்கு 1.5 கோடி கிலோ தேயிலை வரலாம் என்று அதில் இருந்தது. ஆனால் உண்மையில் வந்தது அந்த வரம்புக்கு மிகவும் குறைவு.

அப்படியானால் அவள் அப்பா சொன்னது தப்பு. அறிக்கையில் அப்படித்தான் முதலில் எழுதினோம். சார் படித்துவிட்டு ஒன்று கேட்டார்: "சரி, தப்பு. ஆனா மலை முழுக்க அத்தனை பேர் அதை நம்பி ரோட்டுக்கு வந்தாங்களே, ஏன்?" திரும்பப் போய் அவள் அப்பாவிடம் உட்கார்ந்தோம். மாஸ்கோவில் நடந்தது அவருக்கு யாரும் சொல்லவில்லை. ஒப்பந்தம் மட்டும்தான் பேப்பரில் வந்தது. வரம்பு அளவுக்கு வராவிட்டாலும், வந்துவிடும் என்ற பேச்சை வைத்தே ஏஜென்ட்டுகள் விலையைக் குறைத்துக் கேட்டதாக அவர் சொன்னார். அவருடைய கோபத்துக்குக் காரணம் இருந்தது, கணக்கில் மட்டும் அது தெரியவில்லை. அறிக்கையின் இரண்டாம் பாதியை முழுக்கத் திருப்பி எழுதினோம். எனக்கு இந்தப் படிப்பில் கிடைத்த சிறந்த பாடம் அந்த ஒரு மாதம். இன்றைக்கும் அவள் அப்பா ஏல விலையோடு வெளிநாட்டுச் செய்தியையும் கேட்கிறார். 2019 ஆகஸ்டில் பாகிஸ்தான் இந்தியாவோடு வர்த்தகத்தை நிறுத்தியபோது முதல் போன் அவரிடமிருந்துதான் எனக்கு வந்தது. குன்னூர்த் தூளை அவர்களும் வாங்கிக்கொண்டிருந்தார்கள்.

நம்முடைய மலையே அப்படிப்பட்டது. கூடலூரிலிருந்து ஊட்டிக்குப் போகிற பஸ் நடுவட்டத்தைத் தாண்டும்போது அந்தச் சரிவுகளைப் பார். 1860-களில் கிளெமென்ட்ஸ் மார்க்கம் என்ற ஆங்கிலேயரின் ஏற்பாட்டில் தென்னமெரிக்காவின் ஆண்டிஸ் மலையிலிருந்து கொண்டுவந்த சின்கோனா மரம் வளர்ந்த இடம் அது. வெள்ளைக்காரப் பட்டாளம் மலேரியாவில் சாகாமல் இருக்க அந்த மரப்பட்டையிலிருந்து எடுக்கிற கொய்னா மருந்து வேண்டியிருந்தது. அந்தத் தோட்டத்தில் வேலை வாங்கப்பட்டவர்களில் கடல் கடந்து மதராஸ் சிறைகளுக்கு அனுப்பப்பட்ட சீனக் கைதிகளும் இருந்தார்கள். வெலிங்டனில் ராணுவக் கல்லூரிக்கு வருஷாவருஷம் வெளிநாட்டு அதிகாரிகள் படிக்க வருகிறார்கள், குன்னூர் மார்க்கெட்டில் அவர்கள் குடும்பம் கேரட் பேரம் பேசுவதைப் பார்க்கலாம். 'சர்வதேசம்' என்றால் நியூயார்க் என்று நினைத்துத்தான் நானும் சென்னைக்கு பஸ் ஏறினேன்.

குறைகளையும் சொல்லியாக வேண்டும். உனக்கு வெறும் விளம்பரமாக இதை எழுதவில்லை.

பெரிய குறை, பாடம் நடத்துகிறவர்கள் ஒருவரோடொருவர் பேசிக்கொள்வதில்லை. நான் படித்த இடத்தில் பொருளாதாரம் எடுத்தவருக்கு எங்களுக்கு அதே வாரம் சட்ட வகுப்பில் என்ன நடக்கிறது என்று தெரியாது. பல துறைகளையும் சேர்த்துப் படிப்பது என்று புரோஷரில் போட்டிருக்கும், சேர்க்கிற வேலை மாணவியின் தலையில்தான் விழும். புள்ளியியல் பேருக்கு நடந்தது. பயந்தவர்கள் தப்பித்துக்கொண்டார்கள். நானும் என் சிநேகிதியும் பக்கத்துப் பொருளாதாரத் துறையில் அனுமதி கேட்டு ஒரு செமஸ்டர் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தோம். அது இல்லாமல் ஏலக் கணக்கைத் தொட்டிருக்கவே முடியாது. எண் தெரியாமல் இந்தப் படிப்பு வெறும் பேச்சாகிவிடும். நீ பிளஸ் டூவில் கணக்கு எடுக்கவில்லை என்றால் பயப்படாதே, ஆனால் ஒதுக்காதே.

அடுத்தது மொழி. எங்கள் வகுப்பில் எல்லாரும் பிரெஞ்சு எடுத்தார்கள். நானும் எடுத்தேன். நல்ல மொழிதான், ஐ.நா.வில் உதவும் என்றார்கள். எம்.ஏ. படிக்கும்போதுதான் எனக்கு வேண்டியது சிங்களம் என்று புரிந்தது. நம்மை நாடற்றவர் ஆக்கிய விவாதத்தை மறுபக்கத்துக்காரர் அவருடைய மொழியில் எப்படிப் பேசினார் என்று படிக்காமல் பாதிக் கதையோடு நின்றால் எப்படி? ஒரு புத்தகத்தை வைத்துக்கொண்டு தனியாகத் தொடங்கினேன். ஊருக்குப் போனபோது அம்மாயி முன்னால் உட்கார்ந்து எண்களைச் சொல்லிப் பார்த்தேன். எக்க, தெக்க, துன, ஹத்தர. அம்மாயி பாக்கை வாயில் ஒதுக்கிக்கொண்டு, "பஹ, ஹய, ஹத்த, அட்ட" என்று மளமளவென்று பத்து வரைக்கும் சொல்லி முடித்தார். நாற்பது வருஷத்தில் அவர் சிங்களம் பேசி எங்களில் யாரும் கேட்டதில்லை. தோட்டத்துக்குக் கீழே இருந்த கிராமத்தில் ஒரு சிநேகிதி இருந்தாளாம். ஈரப்பலாக்காய் கொடுப்பாளாம், அதற்குப் பதிலாக அம்மாயி தூள் கொண்டுபோய்க் கொடுப்பாராம். கோச்சி ஏறுகிற அன்றைக்கு அந்தப் பெண்ணும் ஸ்டேஷனுக்கு வந்து அழுதாளாம். ஒப்பாரிக் கோச்சி என்று அந்த ரயிலுக்கே பெயர். இரண்டு இனம், இரண்டு அரசு என்று நான் எழுதிவைத்திருந்த குறிப்புகளில் அந்தச் சிநேகிதிக்கு இடமே இருக்கவில்லை.

வேலையைப் பற்றி உன் அப்பா கேட்பார். நேராகச் சொல்கிறேன். ஐ.எஃப்.எஸ்., அதாவது வெளியுறவு அதிகாரி, ஆக வேண்டும் என்பது மட்டும் காரணம் என்றால் இந்தப் படிப்பு கட்டாயமில்லை, யு.பி.எஸ்.சி. எழுத எந்தப் பட்டமும் போதும். என்னோடு படித்தவர்களில் ஒருத்தி பத்திரிகையில் இருக்கிறாள், இரண்டு பேர் பி.எல். முடித்து வக்கீலானார்கள், ஒருவன் துறைமுகத்தில் சரக்கு ஏஜென்ட்டிடம் இருக்கிறான். கோத்தகிரிச் சிநேகிதி தேயிலை ஏற்றுமதியில் இருக்கிறாள். நான் முதல் இரண்டு வருஷம் கோயம்புத்தூரில் ஒரு பனியன் ஏற்றுமதி ஆபீஸில் சரக்கு எந்த நாட்டில் தயாரானது என்ற சான்றிதழ்களைப் பூர்த்தி செய்துகொண்டிருந்தேன். துணிக்குப் பிறந்த நாட்டைச் சான்றிதழில் எழுதும்போதெல்லாம் அம்மாயியின் பாஸ்போர்ட் நினைவுக்கு வரும். இப்போது பிறப்புச் சான்று, குடியுரிமைக் காகிதம் இல்லாதவர்களுக்கு உதவுகிற ஒரு சிறு அமைப்பில் இருக்கிறேன். சம்பளம் குறைவு. ஆனாலும் ஒவ்வொரு நாளும் அந்த வகுப்பில் கற்றது கையில் வேலை செய்கிறது. சட்டப் பிரிவு எண் தெரிய வேண்டியிருக்கிறது, ஒரு கிழவர் தன் கதையைச் சொல்லும்போது எந்த வருஷம் எந்த ஒப்பந்தம் என்று மனதுக்குள் ஓட வேண்டியிருக்கிறது, தாசில்தார் ஆபீஸில் எப்படிப் பேச வேண்டும் என்றும் தெரிய வேண்டியிருக்கிறது. கடைசியில் சொன்னதை மட்டும் எந்தப் பாடத்திலும் சொல்லித் தரவில்லை.

இதையெல்லாம் மனதில் வைத்துக்கொண்டு ஒரு வாரம் கழித்து அவளைக் கூப்பிட்டேன். எல்லாவற்றையும் சொல்லவில்லை. "உனக்கு ரொம்ப நாளாப் புரியாத விஷயம் ஏதாவது இருக்கா?" என்று மட்டும் கேட்டேன். அவள் உடனே சொன்னாள். "எங்க தாத்தா வீட்டுல கரண்ட் இல்லக்கா. செக்‌ஷன் பதினேழு நிலம்னு சொல்றாங்க. எதுக்காம்?" கூடலூர் ஜன்மம் நில ஒழிப்புச் சட்டம், 1969. கப்பலில் வந்த எத்தனையோ குடும்பங்கள் தோட்ட வேலை போதாமல் குடிசை போட்ட நிலங்கள் அந்தப் பிரிவில் மாட்டிக்கொண்டிருக்கின்றன. காடா, ஊரா என்று முடிவாகாத நிலம். அவளுக்கு அதை நான் அப்போது விளக்கவில்லை. "இந்தக் கேள்வியை எங்கயாவது எழுதி வச்சுக்கோ" என்றேன்.

நேற்று ராத்திரி வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பியிருந்தாள். அவள் தாத்தாவின் பாஸ்போர்ட். நடுப்பக்கத்தில் ஒரு வட்ட முத்திரை, ஊதா மசி, பாதி அழிந்திருந்தது. "இது என்ன எழுத்துக்கா?" என்று கேட்டிருந்தாள். படத்தைப் பெரிதாக்கி வைத்துக்கொண்டு எழுத்துக் கூட்டினேன். சிங்களம்தான். த, ல, மன்னா என்பது வரை தெரிந்தது. தேதி மட்டும் பிடிபடவில்லை. ஞாயிற்றுக்கிழமை சித்தி வீட்டுக்கு வருகிறேன், தாத்தாவிடம் கேட்டு அசலை எடுத்துவை, வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கலாம் என்று பதில் போட்டிருக்கிறேன்.